தள்ளப்பட்ட செடிகளின் பொருட்டு: துளசி ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடைய மாணவ நண்பர்களுக்கு,

வேளாண்மைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பயிர்ப்பெருக்கம் பயின்று, மூலிகைகளும் வாசனைப் பயிர்களும் அடங்கிய பிரிவைத் தெரிந்தெடுத்து, அதனுள்ளும் துளசி இனத்தை ஆராய்ச்சிப் பொருளாக ஏற்றுக்கொண்டு, பல ஊர்களிலிருந்து திரட்டிய விதைகளைப் பாத்தி பாத்தியாக விதைத்து, எந்தச் செடி மிகுந்த தைலம் தரும், எந்தத் தைலம் சந்தையில் நல்ல விலைக்குப் போகும் என்று அளந்துகொண்டிருக்கும் உங்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம் செய்துகொள்ளும் பொருட்டே இம்மடலை எழுதுகிறேன். ஆய்வேடு எழுதி முடிந்தபின், தைலம் குறைந்தவை என்றும் வாசனை ஒவ்வாதவை என்றும் இலை சிறுத்தவை என்றும் நீங்கள் தள்ளிவைத்த வரிசைகளை அப்படியே உழுதுவிடச் சம்மதிக்காதீர்கள். அவற்றின் விதையை எடுத்து, அவற்றைப் பற்றி நீங்கள் கண்டறிந்த குறிப்புகளோடு சேர்த்து, நிலையான ஒரு விதை வங்கியில் ஒப்படைத்த பிறகே வயலை விட்டு வெளியேறுங்கள். இவ்வளவைச் சொல்ல நீண்ட மடல் எதற்கென்று கேட்பீர்களாயின், இந்தச் சிறு செடியின் வரலாற்றில் வேண்டாமென்று ஒதுக்கப்பட்டவை பின்னொரு காலத்தில் தேடி அலையப்பட்டவையாக மாறிய நிகழ்ச்சிகள் உண்டு என்பதும், அவற்றை உரிய விவரங்களோடு எடுத்துக்காட்டாமல் வெறும் புத்திமதியாகச் சொன்னால் உங்கள் செவியில் ஏறாது என்பதுமே காரணம்.

துளசியும் அதன் சுற்றமும் அடங்கிய ஓசிமம் என்னும் பேரினத்தில் 60க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன என்பது தாவர சாஸ்திரிகளின் கணக்கு. ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களின் உஷ்ணப் பிரதேசங்களில் பரவியுள்ள இந்தப் பேரினத்துக்கு ஆப்பிரிக்காவே பெரும் இருப்பிடம் என்றாலும், நம் தேசத்தின் பங்கும் அற்பமானதன்று. மாடத்தில் வைத்துப் பூஜிக்கப்படும் துளசி, அதிலேயே பச்சை இலை கொண்டதும் கருஞ்சிவப்பு ஏறியதுமாகிய பேதங்கள். சர்பத்தில் ஊறி மிதக்கும் சப்ஜா விதையைத் தருகிற திருநீற்றுப்பச்சிலை. பாழ்நிலத்திலும் வேலியோரத்திலும் யாரும் விதைக்காமலே முளைக்கிற நாய்த்துளசி. ஆள் உயரத்துக்குப் புதராக ஓங்கும் எலுமிச்சைத் துளசி. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த கர்ப்பூரத் துளசி என்று, ஒரே வட்டாரத்துக்குள் ஐந்தாறு இனங்களை நீங்கள் காணக்கூடும். இவை ஒவ்வொன்றின் இலையையும் கசக்கி முகர்ந்தால், ஒன்றில் கிராம்பும், ஒன்றில் சோம்பும், ஒன்றில் ஓமமும், மற்றொன்றில் எலுமிச்சையும், வேறொன்றில் கர்ப்பூரமும் மணக்கிற விந்தையை, ஆய்வுக்கூடத்துக்குப் போகும் முன்னரே உங்கள் நாசி உங்களுக்குக் கற்பித்திருக்கும்.

அந்த மணங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. கிராம்பின் மணத்தைத் தருவது யூஜினால். சோம்பின் மணத்தைத் தருவது மெத்தில் சாவிகால். ஓம மணம் தைமாலுடையது. எலுமிச்சையின் மணம் சிட்ராலுடையது. கொத்துமல்லி விதையின் தைலத்தில் பெரும்பங்காயிருக்கும் லினலூல் என்னும் மென்மணப் பொருளே திருநீற்றுப்பச்சிலையின் பல வகைகளிலும் முதன்மையாயிருக்கிறது. இவையனைத்தும் இலைப்பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய சுரப்பிகளில் உற்பத்தியாகின்றன. அவற்றுள் பெரிய வகைச் சுரப்பியின் தலையில் நான்கு உயிரணுக்கள் வட்டமாகச் சேர்ந்திருக்க, அவற்றின் மேலே போர்த்திய மெல்லிய தோலுக்கு அடியில் தைலம் தேங்கி நிற்கிறது. நாம் இலையைத் தொட்டதும் மணப்பது அத்தோல் உடைவதனாலேயே. அச்சுரப்பிகளுக்குள் இரண்டு தனித்தனி வழிகளில் வேலை நடக்கிறது: யூஜினாலும் மெத்தில் சாவிகாலும் மெத்தில் சின்னமேட்டும் பினைல் அலனைன் என்னும் அமினோ அமிலத்தை மூலப்பொருளாகக் கொண்டு பிறக்க, லினலூலும் சிட்ராலும் கர்ப்பூரமும் டெர்பீன் என்னும் வேறொரு வம்சத்தைச் சேர்ந்தவையாக உருவாகின்றன. எந்தச் செடியில் எந்த வழி அகன்று எந்த வழி குறுகியிருக்கிறது என்பதை நிர்ணயிப்பது அதன் பரம்பரை; ஆகவே தைலத்தின் பேதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் மரபணுக்களின் பேதமே.

அந்தப் பேதம் எவ்வளவு சிறிய காரணத்தால் உண்டாகக்கூடும் என்பதற்கு ஓர் ஆச்சரியமான சான்று இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எரான் பிச்செர்ஸ்கியின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்கள் திருநீற்றுப்பச்சிலையின் சுரப்பிகளிலிருந்து இரண்டு நொதிகளைப் பிரித்தெடுத்தார்கள்; ஒன்று சாவிகாலை மெத்தில் சாவிகாலாக மாற்றுவது, மற்றது யூஜினாலை மெத்தில் யூஜினாலாக மாற்றுவது. இரண்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்றுபோலவே அமைந்தவை என்பதையும், ஓர் இடத்தில் உள்ள ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிவிட்டால் ஒன்றின் விருப்பம் மற்றதன் விருப்பமாக மாறிவிடுகிறது என்பதையும் 2002ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டார்கள். ஓர் எழுத்துப் பிழையளவான இந்த மாற்றம் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கொல்லையில் நிகழ்ந்து, அந்தச் செடியின் சந்ததியில் மட்டும் நிலைத்திருக்கக் கூடுமென்றால், அச்செடியை அளந்து பார்த்துவிட்டுத் தைலம் போதாதென்று தூக்கியெறிகிறவர் எதை எறிகிறார் என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

திருநீற்றுப்பச்சிலை ஒன்றையே எடுத்துக்கொண்டாலும், 1949ஆம் ஆண்டில் வெளிவந்த எர்னஸ்ட் குயந்தரின் பெருநூலிலேயே அதன் தைலம் நான்கு வகையாகப் பிரித்துக் காட்டப்பட்டிருக்கிறது: லினலூலும் மெத்தில் சாவிகாலும் சேர்ந்து மணக்கிற ஐரோப்பிய வகை, மெத்தில் சாவிகாலோடு கர்ப்பூரமும் கலந்த ரீயூனியன் தீவின் வகை, மெத்தில் சின்னமேட் மிகுந்த வகை, யூஜினால் மிகுந்த ஜாவா வகை. பின்னர் வந்த ஆராய்ச்சிகள் இந்த வகுப்பை விரித்தும் பிரித்தும் கொண்டே போயின. 1996ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கியூ தாவரத் தோட்டத்து அறிஞர்கள் 16 சேகரிப்புகளை ஆராய்ந்தபோது, இலையின் உருவத்தையும் நிறத்தையும் கொண்டு சூட்டிய பெயர்கள் தைலத்தின் சேர்மானத்தோடு ஒத்துப்போகவில்லை என்பது புலனாயிற்று. ஒரே பெயருள்ள இரு செடிகள் வெவ்வேறு தைலத்தைத் தந்தன. இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டிய பாடம், பையின் மேல் எழுதியிருக்கும் பெயரை நம்பி இரண்டு சேகரிப்புகளை ஒன்றென்று கருதி ஒன்றைக் கழித்துவிடலாகாது என்பதே. மரபணுக் குறியீடுகளைக் கொண்டு செய்யும் பரிசோதனையும் தைலப் பரிசோதனையும் சில இடங்களில் ஒத்தும் சில இடங்களில் ஒவ்வாமலும் வருவதை உங்கள் அட்டவணைகளிலேயே காண்பீர்கள். ஒவ்வாத இடங்களைப் பிழையென்று ஒதுக்காமல் அங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பரிசோதனை எந்த நாளில் செய்யப்பட்டது என்பதும் அற்பமான விஷயமன்று. இத்தாலியின் ஜெனோவா நகரத்தார் பெஸ்டோ என்னும் துவையலுக்குப் பயன்படுத்தும் புகழ்பெற்ற திருநீற்றுப்பச்சிலை ரகத்தை ஆராய்ந்தவர்கள், 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேற்படாத இளஞ்செடியில் மெத்தில் யூஜினால் மேலோங்கியும், அதைவிட வளர்ந்த செடியில் யூஜினால் மேலோங்கியும் இருப்பதை 2001ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். ஒரே செடி, ஒரே பரம்பரை. உயரம் மட்டுமே வேறு. அப்படியிருக்க, பூக்கும் பருவத்தில் ஒருமுறை மட்டும் தழையை அறுத்து, கிளெவஞ்சர் வடிகலனில் வடித்து, வாயு நிறப்பிரிகைக் கருவியில் ஒருமுறை ஏற்றிக் கிடைத்த விகிதத்தை வைத்து ஒரு செடியின் ஆயுளுக்கும் தீர்ப்பு எழுதிவிடுவது நியாயமாகுமா? நிதியும் காலமும் குறுகியவை என்பதையும், ஒரு பருவத்துக்குள் ஆய்வை முடித்தாக வேண்டிய நெருக்கடி உங்கள் தலைமேல் நிற்பதையும் நான் மறுக்கவில்லை. அந்த நெருக்கடியில் எழுதப்படும் தீர்ப்பு இறுதித் தீர்ப்பாக ஆகிவிடாதபடி விதையையாவது காப்பாற்றி வையுங்கள் என்றுதான் வேண்டுகிறேன்.

இனி, தள்ளப்பட்டவை வேண்டப்பட்டவையான கதைக்கு வருகிறேன். திருநீற்றுப்பச்சிலையைப் பீடிக்கும் அடிச்சாம்பல் நோய் 1933ஆம் ஆண்டிலேயே உகாண்டாவில் காணப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் அதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 2001ஆம் ஆண்டில் சுவிட்ஜர்லாந்திலும், 2003ஆம் ஆண்டில் இத்தாலியிலும், 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடாவிலும் அது தலைகாட்டியபோது, விதையோடு பயணம் செய்யக்கூடிய அந்நோய் சில ஆண்டுகளுக்குள் பல நாடுகளின் பசுமைக்கூடங்களிலும் வயல்களிலும் புகுந்துவிட்டிருந்தது. பெரோனோஸ்போரா பெல்பாரி என்று 2009ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட அந்த நுண்ணுயிர், இலையின் மேற்புறத்தில் மஞ்சள் படரவும் அடிப்புறத்தில் சாம்பல் நிறப் பொடி படியவும் செய்துவிடும்; இலையையே விற்றுப் பிழைக்கும் விவசாயிக்கு அதன்பின் அந்தப் பயிரில் விற்பதற்கு எதுவும் இராது. அப்பொழுதுதான், சந்தைக்கென்று தலைமுறை தலைமுறையாக ஒரே அச்சில் வார்த்தெடுத்ததுபோல் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்த ஐரோப்பிய வகை ரகங்களில் எதிர்ப்புச் சக்தி இல்லை என்பது வெளிப்பட்டது. அகன்ற இலை, கிண்ணம்போல் குவிந்த வடிவம், லினலூலின் இனிய மணம் ஆகிய குணங்களுக்காகத் தேர்ந்தவர்கள், எதிரில் இல்லாத நோயை நினைத்து எவ்வாறு தேர்ந்திருக்க முடியும்?

நியூ ஜெர்சியிலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சைமனும் அவருடைய மாணவர்களும் எதிர்ப்புச் சக்தியைத் தேடிப் பல சேகரிப்புகளைச் சோதித்தபோது, விடை கிடைத்தது கீழ்த்திசை ஆப்பிரிக்கக் கரையோரத்து ஜான்சிபார் தீவுக்குரிய மிரிஹானி என்னும் ஒரு வகையிலிருந்து. நெளிந்த ஓரமுடைய இலையும், சோம்பின் வாசனை தூக்கலாக நிற்கும் தழையுமாகிய அதனை, மேல்நாட்டுச் சமையலுக்கென்று தேர்ந்தெடுக்கும் எவரும் முதற்பார்வையிலேயே ஒதுக்கியிருப்பார்கள். ஆயினும் அதே செடி நோயைத் தாங்கி நின்றது. ஐரோப்பிய வகையோடு சேர்க்கப்பட்டபோது மலடாகாமல் விதையும் வைத்தது. அச்சேர்க்கையின் சந்ததியைப் பல தலைமுறை தேர்ந்தெடுத்து, எதிர்ப்பை நிலைநிறுத்தி மணத்தையும் இலையையும் பழைய நிலைக்குக் கொணர்ந்து, 2018ஆம் ஆண்டில் நான்கு புதிய ரகங்களை அவர்கள் வெளியிட்டார்கள். இஸ்ரேலில் பார்-இலான் பல்கலைக்கழகத்தாரோ, நம் வேலியோரத்து நாய்த்துளசிக்குரிய ஓசிமம் அமெரிக்கானம் என்னும் இனத்திலிருந்தே எதிர்ப்பை எடுத்தார்கள்; இனம் விட்டு இனம் சேர்த்ததால் முதல் தலைமுறை மலடாகப் போக, அந்தத் தடையைக் கடந்து வருவதற்கு மிகுந்த பொறுமை வேண்டியிருந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பெற்ற எதிர்ப்பையும் சில இடங்களில் நோயின் புதிய பிரிவுகள் மீறத் தொடங்கிவிட்டன. ஆதலால் ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணுக்களை ஒரே செடியில் சேர்க்கும் முயற்சி நடைபெறுகிறது. அடுத்த மரபணு எந்த நாட்டின் எந்தக் களைச்செடியில் இருக்கிறது என்பதை இன்று யாராலும் சொல்ல முடியாது.

நோய் ஒன்று மட்டுமே மதிப்பை மாற்றுவதன்று. மனிதருடைய சட்டமும் மாற்றுகிறது. சோம்பு மணத்துக்காக ஒரு காலத்தில் பாராட்டப்பட்ட மெத்தில் சாவிகாலும் அதன் உறவான மெத்தில் யூஜினாலும் சோதனை விலங்குகளில் கெடுதல் செய்தன என்று தெரிந்தபின், 2008ஆம் ஆண்டின் விதியால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தனிப்பொருளாக உணவில் சேர்ப்பதை விலக்கியது. அவ்விரண்டும் குறைந்து லினலூல் மிகுந்த செடி வேண்டும் என்று கேட்கும் உணவுத் தொழிலார் ஒரு பக்கம் நிற்க, மெத்தில் சாவிகாலே மிகுதியாக வேண்டும் என்று கேட்கும் வாசனைத் தொழிலார் மறுபக்கம் நிற்கிறார்கள். இருவருக்கும் செடி கொடுக்க வேண்டிய பயிர்ப்பெருக்க நிபுணர், ஒருவருடைய தேவையை அளவுகோலாகக் கொண்டு மற்றவருடைய செடியை அழித்துவிட்டால், கால் நூற்றாண்டுக்குள் எந்தக் கதவைத் தட்டுவார்?

நிறத்தைப் பற்றிய ஒரு சிறு வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தார் துருக்கியிலிருந்து வந்த விதையில் தோன்றிய ஊதா நிறச் செடிகளை வைத்து உருவாக்கிய ரகம் 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புதுரகப் போட்டியில் பரிசு பெற்றது. அது அழகுச் செடியாக மட்டுமே கருதப்பட்ட நிலை மாறி, பின்னர் அதன் ஊதா நிறம் உணவுக்குரிய இயற்கைச் சாயமாகுமா என்ற ஆராய்ச்சிக்குப் பொருளாயிற்று. கர்ப்பூரத் துளசியோடு தானாகவே கலந்து, ஆண்டு முழுதும் பூத்துத் தேனீக்களை அழைக்கிற மலட்டுக் கலப்பினம் ஒன்றுக்கும் அதுவே ஒரு பெற்றோர். விதை வைக்காத அக்கலப்பினத்தைக் குச்சி நட்டுத்தான் பெருக்குகிறார்கள். அத்தகைய மலட்டுத்தன்மையைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திருநீற்றுப்பச்சிலை 48 குரோமோசோம்கள் கொண்ட நான்மடிச் செடி. மாடத்துத் துளசிக்கு அந்த எண்ணிக்கை அதனினும் குறைவு. இவ்விரண்டையும் எளிதில் சேர்க்க இயலாது. ஆகையால் ஒவ்வோர் இனத்துக்குள்ளும் இருக்கிற பேதங்களை அந்தந்த இனத்துக்குள்ளேயே பேணினாலன்றி, பக்கத்து இனத்திலிருந்து எளிதாகக் கடன் வாங்கிச் சமாளித்துவிடலாம் என்ற நம்பிக்கைக்கு இடமில்லை.

நம் தேசத்தில் இவ்வேலை சிறப்பாகவே நடந்து வந்திருக்கிறது. லக்னோவிலுள்ள மத்திய மூலிகை மற்றும் வாசனைப் பயிர் நிறுவனம் யூஜினால் மிகுந்த துளசி ரகமாகிய சிம்-ஆயுவையும், மெத்தில் சாவிகாலும் லினலூலும் தருகிற, குறுகிய காலத்தில் அறுவடைக்கு வந்துவிடும் சிம்-சௌம்யாவையும், சிட்ரால் மிகுந்த சிம்-ஜோதியையும் விவசாயிகளுக்கு அளித்தது. ஜம்மு ஆராய்ச்சிக்கூடம் எலுமிச்சைத் துளசியின் இனத்திலிருந்து கிராம்புத் தைலத்துக்கு ஈடாக நிற்கக்கூடிய யூஜினால் செடியை உருவாக்கியது. 100 கிலோ பச்சைத் தழையை வடித்தால் கால் கிலோவோ அரைக் கிலோவோதான் பெரும்பாலும் தேறுகிற இத்தொழிலில், தைலத்தின் அளவையும் தரத்தையும் ஒருசேர உயர்த்திய ரகம் ஒரு குடும்பத்தின் வருமானத்தையே மாற்றிவிடும் என்பதை நான் அறிவேன். ஆதலால் தேர்வையே குறை சொல்ல எனக்கு மனம் வராது. தேர்ந்தெடுப்பவர் எந்தக் குவியலிலிருந்து தேர்ந்தெடுத்தாரோ அந்தக் குவியல் அழியக்கூடாது என்பதே என் கவலை.

2015ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் ஆய்வு மையத்தாரும் லக்னோ நிறுவனத்தாரும் தனித்தனியே துளசியின் மரபுத்தொகுதியை வாசித்து வெளியிட்டார்கள். ஏறத்தாழ 38 கோடி எழுத்துகள் கொண்ட ஏடு அது. 2020ஆம் ஆண்டில் திருநீற்றுப்பச்சிலையின் தொகுதியும் வெளிவந்தது. அது 200 கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளுடையது. இவ்வளவும் எழுத்தில் வந்துவிட்ட பின்னர் விதைகளை மூட்டை கட்டி வைப்பானேன் என்று உங்களுள் சிலர் நினைக்கக்கூடும். அந்த ஏடுகள் மிகச் சில செடிகளின் ஏடுகள். உங்கள் பாத்தியில் நிற்கிற மற்றச் செடிகளில் அவற்றினின்று எங்கெங்கு மாறுபாடு இருக்கிறது என்பதை அவை சொல்லமாட்டா. மாறுபாட்டையும் ஒருவர் வாசித்து எழுதிவைத்துவிட்டார் என்றே கொண்டாலும், ஒட்டுச்சேர்க்கைக்கு வேண்டிய மகரந்தத்தைக் கணினியிலிருந்து எடுக்க முடியாது.

தமிழ்நாட்டில் துளசி ஆராயும் உங்களுக்கு ஒரு தனிச் சௌகரியம் இருக்கிறது. பெருமாள் கோயில் நந்தவனங்களில், உதிர்ந்த விதையிலிருந்தே மறுபடியும் முளைத்து முளைத்து, வெளி விதை அதிகம் கலவாமல் நெடுங்காலம் தொடர்ந்து வந்திருக்கக்கூடிய துளசிக் கூட்டங்கள் இருக்கக்கூடும். அவற்றை ஊர் ஊராகச் சேகரித்துத் தைலமும் மரபணுவும் ஒருங்கே ஆராய்ந்தால் பயன் மிகுந்த பணியாகும் என்று எண்ணுகிறேன். மாலை கட்டுகிறவர்கள் எந்தச் செடியின் கதிர் வாடாமல் நிற்கும் என்பதையும், நாட்டு வைத்தியர்கள் எந்தச் செடியின் சாறு காரமானது என்பதையும் கைப்பழக்கத்தால் அறிந்திருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு அவர்கள் சொல்லும் பெயரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். விதையை அவர்கள் அனுமதியோடும், உயிரினவளச் சட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டும் எடுங்கள்.

விதை எடுக்கும் முறையைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. தேனீக்கள் ஓயாமல் மொய்க்கும் பயிர் இது. அருகருகே நிற்கும் வரிசைகள் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் சில கதிர்களையாவது பூ விரியும் முன்பே மெல்லிய வலைத்துணியால் மூடிக் கட்டுங்கள். ஒரே செடியிலிருந்து எடுக்காமல் பல செடிகளிலிருந்து எடுத்து, ஒரே வரிசைக்குள் இருக்கும் பேதமும் தப்பிப் பிழைக்கச் செய்யுங்கள். கதிரின் அடிப்பகுதி பழுத்துக் காய்ந்ததும் அறுத்து, நிழலில் உலர்த்தி, கசக்கிப் புடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். நீரில் அலசலாகாது, அலசினால் திருநீற்றுப்பச்சிலையின் விதை வழவழப்பேறி ஊதிவிடும். நன்கு உலர்ந்த விதையைக் காற்றுப் புகாத உறையிலிட்டு, எடுத்த ஊர், நாள், மண், செடியின் உயரம், பூத்த நிலை, தழை அறுத்த வேளை, தைலத்தின் அளவு, அதன் சேர்மானம், உள்ளூர்ப் பெயர் ஆகியவற்றை எழுதிய சீட்டைச் சேர்த்து, புதுதில்லியில் 1976ஆம் ஆண்டு முதல் பணிபுரிந்து வரும் தேசியத் தாவர மரபுவள நிறுவனத்துக்கு அனுப்பினால், சேகரிப்பு எண்ணொன்று கிடைக்கும். அந்த எண்ணை உங்கள் ஆய்வேட்டின் அட்டவணையில், தேர்ந்தெடுத்த வரிசைகளுக்கு எதிரே எழுதுவதுபோலவே தள்ளிய ஒவ்வொரு வரிசைக்கு எதிரேயும் எழுதிவிடுங்கள். ஒரு வரிசையை எக்காரணத்தால் தள்ளினீர்கள் என்பதையும் அதன் பக்கத்திலேயே குறித்துவிட்டால், பின்னால் வந்து தேடுகிறவர் அக்காரணத்தைப் படித்துவிட்டுத் தமக்கு வேண்டிய உறையைக் கேட்டுப் பெறுவார்.

இங்ஙனம்,
உங்கள் ஆராய்ச்சி சிறக்க விரும்பும்
வாசனைப் பயிர்களின் அன்பன் ஒருவன்